ராயபுரத்தில் எழுபது ஆண்டு பழைய வீடு: தேக்கு ஜன்னல்களை எல்லாம் மாற்றத்தான் வேண்டுமா?

ராயபுரத்துக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. 1954இல் தாத்தா கட்டியது. தரைத்தளமும் ஒரு மாடியும், சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய ஒன்றரைக் கல் சுவர்கள், மொத்தம் 11 ஜன்னல்கள். எல்லாமே தேக்கு; ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள், நடுவில் இரும்புக் கம்பிகள்.

ஐப்பசி வந்தால் மரம் ஊறிக் கதவு சாத்த முடிவதில்லை. சித்திரையில் அதே கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே சுண்டுவிரல் நுழைகிறது. லாரி போகும்போதெல்லாம் கண்ணாடி அதிர்வதால், செய்தித்தாளை நான்காக மடித்து இடுக்கில் செருகி வைத்திருக்கிறோம். கடற்பக்க அறையில் கம்பிகளின் அடிப்பாகம் துருப்பிடித்து அப்பளம் போல உரிகிறது. காலையில் துடைத்த மேசையில் மாலைக்குள் கரிப்புழுதி படிந்துவிடுகிறது.

பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், 11 ஜன்னல்களையும் யூபிவிசி என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கில், பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங்காக மாற்றிவிடலாம், சதுர அடிக்கு 650 ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் ஆகும், பழைய மரத்தைக் கூலியில்லாமல் கழற்றி எடுத்துக்கொள்கிறோம் என்றார். வீட்டில் அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கீழ்க் கதவைச் சாத்திவிட்டு மேல் கதவை மட்டும் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே தெரியாது, காற்றும் வரும், அந்த வசதி உன் பிளாஸ்டிக்கில் உண்டா என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பணி ஓய்வு பெற்ற பொறியாளர், தண்டையார்பேட்டை:

தங்கள் தாயார் கேட்டது சரியான கேள்வி. ஒப்பந்தக்காரர்தான் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் காற்று. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 20 சதுர அடி. அந்த அறையில் 4 அடிக்கு 3 அடியாக இரண்டு ஜன்னல்கள் இருந்து, பழைய முறையில் கதவுகளை முழுவதும் திறந்தால் 24 சதுர அடி கிடைக்கும். அதே இடத்தில் இரண்டு பலகை ஸ்லைடிங் வைத்தால், எப்போதும் ஒரு பாதி மற்றொரு பாதியை மறைத்துக்கொண்டு நிற்பதால், 12 சதுர அடிதான் திறக்கும். மதியம் கடற்காற்று வரும் ஊரில் பாதி ஜன்னலைக் காசு கொடுத்து அடைப்பதற்கு இது சமம்.

அடுத்தது சத்தம். கண்ணாடி எவ்வளவு தடிமன் என்று எல்லாரும் கேட்கிறார்கள்; இடுக்கு எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதியை எதனால் செய்திருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தம் குறையாது. ஸ்லைடிங் பலகைகள் நகர வேண்டுமென்பதால் ஓரத்தில் மயிரிழை போன்ற பிரஷ் மட்டும் வைக்கிறார்கள். அதன் வழியே ஒலியும் புழுதியும் உள்ளே வரும். கீலில் திறக்கும் கதவு ரப்பரின் மேல் அழுந்திச் சாத்துகிறது. எனவே சாலையைப் பார்த்த படுக்கையறைக்குக் கீல் வைத்த கதவும், இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும் போதும். இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடியை ஏசி இல்லாத அறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். லாரி எஞ்சினின் தாழ்ந்த உறுமலுக்கு அது விலைக்கேற்ற பலன் தராது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஏர்ஹாரன் அடிப்பவருக்கு அது தெரியுமா என்பது வேறு கதை.

பதினொன்றையும் மாற்றத் தேவையில்லை. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சட்டத்தின் கீழ் மூலைகளில் அழுத்திப் பாருங்கள். ரொட்டியில் இறங்குவது போல இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. இறங்காவிட்டால் அந்தச் சட்டம் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

திருவொற்றியூர் இல்லத்தரசி:

என் அனுபவத்தையும் எழுதுகிறேன். 2019இல் நாங்கள் எல்லா மர ஜன்னல்களையும் கழற்றிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் போட்டோம். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் ஆண்டில் திருகுகள் துருப்பிடித்து, வெள்ளைச் சட்டத்தில் வெற்றிலைச் சாறு வழிந்தது போலக் கறை இறங்கத் தொடங்கியது. சட்டம் நல்ல பவுடர் கோட்டிங்தான். திருகு மட்டும் சாதாரண இரும்பு. கடற்கரையில் 316 வகை எவர்சில்வர் திருகு கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அதைவிடப் பெரிய தொல்லை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்தது. ஸ்லைடிங் தடத்தில் விழும் நீர் வெளியேறச் சட்டத்தின் வெளிப்புறம் சிறு துளைகள் இருக்கும். எங்கள் வீட்டில் பொருத்தியவர் அவற்றின் மேலேயே சிமென்ட் பூசிவிட்டிருக்கிறார். தடம் தொட்டி போல நிரம்பி, நீர் உட்பக்கம் வழிந்து, இரவு முழுவதும் பழைய வேட்டிகளை விரித்துப் பிழிந்துகொண்டிருந்தோம். விடிந்ததும் என் கணவர் ஒரு ஆணியால் துளைகளைக் குத்தித் திறந்த பிறகுதான் தண்ணீர் வடிந்தது. வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரைத் தடத்தில் ஊற்றி, அது வெளியே போவதைக் கண்ணால் பார்த்த பின்பே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று. பழைய மரத்தைக் கூலியில்லாமல் எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு நாங்களும் மகிழ்ந்து தலையாட்டினோம். பழைய தேக்குக்கு என்ன விலை என்று மரக்கடையில் விசாரித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜன்னல் பொருத்துபவர், பெரம்பூர்:

தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பொறியாளர் ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: சாலைப் பக்கத்து ஜன்னலும் மரம் நன்றாக இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. தச்சரைக் கொண்டு ஊறிய ஓரத்தை இழைத்து, கதவு படியும் இடத்தில் சிறு காடி (நீளப் பள்ளம்) எடுத்து ரப்பர் பட்டை பதித்து, கண்ணாடியை மட்டும் கனமாக்கலாம். வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, வெளியே ஒருவர் ஊதுவத்தி பிடிக்க, உள்ளே எங்கே புகை வருகிறது என்று பாருங்கள். கனம் கூடினால் பழைய கீல் தாங்காது, அதையும் மாற்றுங்கள்.

கடற்பக்கக் கம்பிகளைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கம்பி இறங்கும் துளைக்குள் அது பருத்துத்தான் சட்டத்தைப் பிளக்கிறது. வண்ணம் பூசி மறைப்பதில் பயனில்லை.

சட்டத்தையே எடுக்க வேண்டியிருந்தால், சுண்ணாம்புச் சுவரில் டிரில் ஹேமர் வைத்து அதிர விடாதீர்கள், காரை பொலபொலவென்று உதிரும். பழைய சட்டத்தின் காதுகள், அதாவது மூலைகளில் நீண்டிருக்கும் முனைகள், சுவருக்குள் ஓடியிருக்கும். சட்டத்தை ரம்பத்தால் நடுவில் அறுத்துத் துண்டாக எடுப்பதே நல்லது. புதிதாக யூபிவிசி போட்டால் உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புக் குழல் இருக்கிறதா என்று வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சூடேற்றிக் கெட்டிப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது என்பதால், பூச்சு வேலை முடிந்தபின் அளவெடுக்க வேண்டும். இதையெல்லாம் ஆனி, ஆடிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் சுவரைத் திறந்து வைத்தால் வடகிழக்குக் காற்று மழையை நேராக உள்ளே கொண்டுவரும்.

ராயபுரத்துக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று ஸ்குரூ டிரைவரோடு வீட்டைச் சுற்றி வந்தேன். பதினொன்றில் மூன்று சட்டங்களில் மட்டும் கைப்பிடி வரை இறங்கியது; மூன்றும் கடற்பக்கம். மற்ற எட்டும் கல் போல இருக்கின்றன. அம்மா என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றுக்கும் “சொன்னேனே” என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். தரைத்தள ஜன்னல் ஒன்று பக்கத்துச் சந்தினைப் பார்த்தது. அம்மா அதன் வழியாகத்தான் பூக்காரம்மாவிடம் பூ வாங்குவார். கொசு தாங்கவில்லை, வலை போட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறப்பதால் வலை உள்ளே வரும். பூ எப்படி வாங்குவது?

ஜன்னல் பொருத்துபவர், பெரம்பூர்:

வலையையும் கதவு போலவே நான்காகப் பிரித்துவிடுங்கள் ஐயா. மெல்லிய மரச்சட்டத்தில் எவர்சில்வர் வலை அடித்து, கீழ் இரண்டையும் உள்பக்கம் திறக்கும்படி கீலும் சிறு கொண்டியும் வைத்தால் போதும். கம்பிகளின் இடைவெளியை மட்டும் குறைத்துவிடாதீர்கள். இப்போது இருக்கும் அளவே இருக்கட்டும். பூப்பந்து கையோடு உள்ளே வர வேண்டும்.