புதுப்பிப்பு: ஐஓஎஸ் 26 பொது பீட்டா வந்துவிட்டது

ஆப்பிளின் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 26-இன் பொது பீட்டா, அதாவது யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கக்கூடிய சோதனைப் பதிப்பு, ஜூலை நடுவில் வருமா, கடைசியிலா என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருந்தோம். 2025 ஜூலை 24 அன்று வந்துவிட்டது. முந்தைய பொது பீட்டாக்கள் 2023-இல் ஜூலை 12, 2024-இல் ஜூலை 15 அன்று வந்தன. இரண்டு முறையும் டெவலப்பர்களுக்கு (செயலி உருவாக்குபவர்களுக்கு) முன்கூட்டியே தரும் மூன்றாவது பீட்டாவுக்கு ஒரு வாரம் கழித்து. இந்த முறை நான்காவது வரை காத்திருந்தார்கள். காரணம் லிக்விட் கிளாஸ் என்ற புதிய கண்ணாடி போன்ற திரைத் தோற்றம்தான் என்பது என் கணிப்பு. மூன்றாவது பீட்டாவில் கண்ணாடியை மங்கலாக்கினார்கள், நான்காவதில் மறுபடி தெளிவாக்கினார்கள். அந்த நிலையில் பொதுமக்களிடம் கொடுக்காதது நல்லதுதான்.

சரி, இறுதிப் பதிப்பு எப்போது? ஐஓஎஸ் 17 செப்டம்பர் 18, ஐஓஎஸ் 18 செப்டம்பர் 16. இரண்டுமே திங்கள்கிழமை, ஐபோன் அறிமுகத்துக்கு அடுத்த வாரம். அதனால் நான் 2025 செப்டம்பர் 15 என்கிறேன். பில்ட் எண்ணின் (ஒவ்வொரு பீட்டாவுக்கும் தரும் குறியீட்டின்) கடைசி எழுத்தையும் கவனியுங்கள். அது ‘ஏ’ பக்கம் நகர நகர முடிவு நெருங்குகிறது.

அப்புறம், பொது பீட்டா போடுமுன் கணினியில் பேக்கப் எடுத்து வையுங்கள். பீட்டாவில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் மீட்க முடியாது.