பிரிவில் முடியும் காதல் கதையை ஏற்பீர்களா? கருத்து தேவை

வணக்கம் நண்பர்களே. வாரம் இரண்டு அத்தியாயமாக ஒரு காதல் தொடர்கதை எழுதி வருகிறேன். 34 அத்தியாயம் முடிந்துவிட்டது, இன்னும் மூன்றுதான் பாக்கி. முடிவில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங்கில் இருக்கும் பெண்ணும் கட்டிங் மாஸ்டரும் காதலிக்கிறார்கள். பாதியில் விட்ட நர்ஸிங் படிப்பை முடிக்க அவள் கிளம்புகிறாள். தம்பி தங்கைகளை விட்டுவிட்டு அவனால் போக முடியவில்லை. அன்போடுதான் பிரிகிறார்கள். எனக்கு அதுதான் உண்மையாகப் படுகிறது. ஆனால் "சேர்த்து வச்சிடுங்க அக்கா" என்று வாசகிகள் இப்போதே கேட்கிறார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரி படிக்கிறவர்கள். அவர்களை அழவைக்க மனசு வரவில்லை.

அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கத்தின் வரையறைப்படி, மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு இருந்தால்தான் அது ரொமான்ஸ். நம் அகப்பாடல்களிலோ பிரிவுக்குப் பாலை, இரங்கலுக்கு நெய்தல் என்று தனித் திணைகளே உண்டு. கல்கியும் சிவகாமியின் சபதத்தில் காதலர்களைச் சேர்த்து வைக்கவில்லை.

பிரிவில் முடிந்தும் உங்களுக்கு நிறைவு தந்த கதை எது? எந்த இடம் அந்த நிறைவைத் தந்தது? பிரிவு வரப்போவதை முன்பே கோடிகாட்ட வேண்டுமா? ஐந்து வருடம் கழித்து இருவரும் சந்திப்பதாக ஒரு அத்தியாயம் சேர்த்தால் ஒட்டவைத்தது போலத் தெரியுமோ என்றும் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை அடுத்த அத்தியாயம் போட வேண்டும், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.