‘வஹீ’க்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தேவை

மடலிட்டவர்: பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர், மேல்நிலை வரலாற்றுப் பாடநூலில் இஸ்லாத்தின் தோற்றம் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். 610ஆம் ஆண்டில், மக்காவை அடுத்த ஹிரா குகையில் தனித்திருந்த நபிகள் நாயகத்திடம் வானவர் ஜிப்ரீல் வந்து ‘ஓதுவீராக’ என்றதும், குர்ஆனின் 96ஆம் அத்தியாயத்து முதல் ஐந்து வசனங்கள் அருளப்பட்டதும், அந்த அருளல் 632 வரை மக்காவிலும் மதீனாவிலும் தொடர்ந்ததும் அதில் விரிவாக வருகின்றன. இதற்கு அரபியில் ‘வஹீ’ என்று பெயர். பழைய பதிப்பு ஓரிடத்தில் ‘அசரீரி’ என்றும் மற்றோரிடத்தில் ‘திருவெளிப்பாடு’ என்றும் எழுதியிருக்கிறது. எல்லா மாணவர்க்கும் விளங்கும் ஒரே சொல் வேண்டும்.

மடலிட்டவர்: காயல்பட்டினத்து அன்பர்

‘அசரீரி’ அறவே பொருந்தாது. அசரீரி வானத்தில் எழுந்து அங்குள்ளோர் அனைவர் காதிலும் விழுவது. வஹீ ஒருவருக்கே வருவது. அது சில வேளை மணியோசை போல வரும் என்றும், அதுவே தமக்கு மிகக் கடினமானது என்றும், சில வேளை வானவர் மனித உருவில் வந்து பேசுவார் என்றும் நபிகளாரே விளக்கியிருக்கிறார்கள். கடுங்குளிர் நாளிலும் அப்போது நபிகளாரின் நெற்றியில் வியர்வை வழிந்ததை அவர்களின் துணைவியார் ஆயிஷா (ரலி) நேரில் கண்டு சொல்லியிருக்கிறார்கள். ‘திருவெளிப்பாடு’ கத்தோலிக்கர் விவிலியத்தின் இறுதி நூலுக்குப் பெயராகிவிட்டது. ஆகவே ‘வஹீ’ என்றே எழுதுங்கள். உமறுப் புலவர், நபிகளாரின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தின் காண்டங்களுக்கு விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று அரபுச் சொற்களையே சூட்டினார். அதனால் தமிழ் குறைந்துவிடவில்லை.

மடலிட்டவர்: மதுரைத் தமிழாசிரியர்

புலவர் காப்பியம் பாடினார். நாம் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுகிறோம். மறைவாகவும் விரைவாகவும் அறிவித்தல் என்பதே வஹீயின் வேர்ப்பொருள் என்று அரபு அகராதிகள் கூறுவதாக அறிகிறேன். மறைவு, வேதம் ஆகிய இரண்டையும் ஒருங்கே சுட்டும் ‘மறை’ நம்மிடம் இருக்கிறது. ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்ற தொல்காப்பியத்தை ஒட்டி ‘மறைமொழி’ என்று வழங்கலாம்.

மடலிட்டவர்: அரபி கற்பிக்கும் பேராசிரியை

ஐயா, தாங்கள் காட்டிய நூற்பாவே தங்கள் சொல்லுக்குத் தடை. அங்கே ஆணையிடுவோர் நிறைமொழி மாந்தர். மந்திரத்தின் ஆற்றல் அவர்கள் வாக்கிலிருந்து பிறக்கிறது. இஸ்லாமிய நம்பிக்கையிலோ சொல் இறைவனுடையது. தூதர் அதைப் பெற்று, கூட்டாமல் குறைக்காமல் மக்களிடம் எத்திவைப்பவர் (சேர்ப்பவர்). இந்த வேறுபாடு மங்கினால் வேதங்களையும் தூதர்களையும் நம்புவது என்ற, ஈமானின் (இஸ்லாமிய நம்பிக்கையின்) கூறுகளில் இரண்டும் மாணவருக்கு விளங்காமல் போகும். மேலும், மலைகளிலும் மரங்களிலும் கூடு கட்டுமாறு இறைவன் தேனீக்கு உணர்த்தியதைச் சொல்லும் குர்ஆன் வசனம் 16:68இல் இதே வேரிலிருந்து வந்த வினையே ஆளப்பட்டிருக்கிறது. மூசா நபியின் தாயாருக்கு உணர்த்தியதைச் சொல்லும் 28:7இலும் அப்படியே. தேனீக்கு மறைமொழி அருளப்பட்டது என்று எழுத முடியுமா? ‘இறையறிவிப்பு’ என்றால் தூதருக்கு அருளியது, பிறவற்றுக்கு உணர்த்தியது ஆகிய இரு பொருளுக்கும் இடம் கிடைக்கும். அறிவிப்பவன் யார் என்பதும் சொல்லிலேயே நிற்கும்.

மடலிட்டவர்: மதுரைத் தமிழாசிரியர்

அம்மையீர், தேனீ குறித்த தடையை ஏற்கிறேன். ஆனால் ‘அறிவிப்பு’ பேருந்து நிலைய ஒலிபெருக்கிக்கும் உரிய சொல். அதில் உட்செறிவு இல்லை. கனமான சொல்லை உம்மீது சுமத்துவோம் என்று 73:5 கூறுவதால், சுமத்தலைக் குறிக்கும் ‘வகி’க்கும் வஹீக்கும் உறவுண்டா என்று ஆராய வேண்டும்.

மடலிட்டவர்: பேராசிரியை

உறவில்லை. ‘வகி’ வடமொழி வழி வந்தது; வஹீயின் வேர் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மடலிட்டவர்: பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

பேராசிரியை முன்மொழிந்ததை ஏற்று, சொல் முதன்முதலில் வரும் இடத்தில் ‘வஹீ எனும் இறையறிவிப்பு’ என்றும் பிற இடங்களில் ‘இறையறிவிப்பு’ என்றும் எழுதி அனுப்புகிறேன்.

மடலிட்டவர்: காயல்பட்டினத்து அன்பர்

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆயினும் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தமிழில் சொல்லிவரும் எங்கள் மக்கள் வஹீயை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அவை மனிதர் செய்பவையும் கட்டுபவையும். இது மனிதர் செயலே அன்று. என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.