முக்காடு, பெண்கள் ஜெபம் நடத்துவது: உதவி தேவை

அக்காமார், அண்ணாமாருக்கு ஸ்தோத்திரம். இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபை எங்களுடையது. ஆராதனையில் தங்கச்சி ஜெபிக்க எழும்பியபோது சால்வை தோளுக்கு நழுவிவிட்டது, மூப்பர் ஒருவர் எல்லார் முன்னாலும் உட்காரச் சொல்லிவிட்டார், இனிப் பெண்கள் ஜெபம் நடத்தவே வேண்டாமாம். முக்காடு எங்களுக்குப் பாரமில்லை, கொழுந்து பறிக்கிற அம்மாமார் நாள் முழுக்கத் தலையில் துணியோடுதான் நிற்கிறார்கள். ஆனால் முக்காடு பற்றிச் சொல்லும் வேத வசனமான 1 கொரிந்தியர் 11:5 ஜெபிக்கிற, தீர்க்கதரிசனம் சொல்கிற பெண்ணைப் பற்றித்தானே பேசுகிறது? அப்படியென்றால் அவள் சபையில் வாய் திறந்திருக்கிறாள். மூப்பர், பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்கிற 14:34-ஐ மட்டும் காட்டுகிறார். ரோமர் 16:1-இல் கெங்கிரேயா சபைக்கு ஊழியம் செய்த பெபேயாளும் இருக்கிறாரே! இவற்றைச் சேர்த்து விளக்கும் தமிழ்ப் புத்தகமோ பிரசங்கமோ தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் சபையில் பெண்கள் ஜெபம் நடத்துகிறார்கள் என்றால், மூப்பர்மாரிடம் முதலில் யார், எப்படிப் பேசினார்கள் என்றும் எழுதுங்கள்.