'கூட்டுச் செயல்திறன்' போதாது, 'கேட்பாருடைமை' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

குற்றவியல் பாடநூலுக்காக 'கலெக்டிவ் எஃபிகசி' என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தார் பேராசிரியர் அம்மா. ஒரு பகுதியில் வாழ்வோர் ஒருவரை ஒருவர் நம்பி, பொதுநலனுக்காகச் சேர்ந்து தலையிடும் தன்மையைக் குறிக்கும் சொல் இது. இதுவரை வந்த மடல்களைப் படித்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்தச் சொல் தவறினால் ஒரு கோட்பாடே மாணவருக்குத் தவறாகப் போய்ச் சேரும்.

> கூட்டுச் செயல்திறன் என்றே வைக்கலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான், ஐயா. ஆனால் இதைக் கேட்கிறவருக்கு ஒரு தொழிற்சாலையில் இத்தனை பேர் இத்தனை உருப்படி செய்தார்கள் என்பதுதான் மனதில் வரும். கருத்து பிறந்த இடமோ சிகாகோ நகரத் தெருக்கள்.

கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற சமூகவியலாளர்கள் இருவரும் 1900 முதல் 1933 வரையிலான சிறார் நீதிமன்றப் பதிவுகளை எடுத்து, பிடிபட்ட பிள்ளைகளின் வீடுகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். நகர மையத்தை ஒட்டிய சில பகுதிகளில்தான் புள்ளிகள் குவிந்தன. முதலில் அங்கே ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்கள் வெளியேற, இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தார்கள். குடியிருந்தவர்கள் மாறினார்கள், குற்ற அளவு அதே இடத்தில் நின்றது. வெளியேறியவர்கள் போன இடத்துக்கு அது கூடப் போகவில்லை. வறுமை, ஓயாத குடிமாற்றம், ஒருவரை ஒருவர் அறியாமை ஆகியவை சேர்ந்து ஒரு பகுதியின் பிடிமானத்தைத் தளர்த்திவிடுகின்றன என்று 1942இல் வந்த நூலில் விளக்கினார்கள். 'சோஷியல் டிஸ்ஆர்கனைசேஷன்' (சமூகச் சீர்குலைவு) என்று நாம் படிப்பது இதைத்தான்.

இதைத் தமிழில் எழுதும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் 'குற்றப்பரம்பரை' என்ற சொல் நினைவுக்கு வந்து உறுத்தும். 1871இல் ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. குற்றம் பிறப்போடு வருகிறது என்று எழுதி வைத்து, கைரேகை பதியச் சொன்னது. 1920 ஏப்ரலில் மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் அதை மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல் இங்கே சட்டம் போனது, சொல் போகவில்லை. ஆகவே நாம் ஆக்கும் சொல் ஆட்களின் மேல் ஒட்டக் கூடாது, இடத்தின் தன்மையாக நிற்க வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை.

> ஊர்க்கட்டு என்ற நல்ல பழைய சொல் இருக்கிறதே!

இருக்கிறது. ஊர்க்கட்டு யாரைக் கட்டியது என்பதும் நமக்குத் தெரியும். சேரிக்காரருக்குத் தண்ணீர் தரக் கூடாது, இன்னார் வீட்டுச் சாவுக்குப் போகக் கூடாது என்பவையெல்லாம் ஊர்க்கட்டு என்ற பெயரில்தான் நடந்தன. இந்தச் சொல்லைப் பாடநூலில் வைத்தால் ஒரு பாதி மாணவருக்கு அது பெருமையாகவும் மறுபாதிக்குக் காயமாகவும் இருக்கும். வேண்டவே வேண்டாம்.

> அக்கம்பக்க நெருக்கம்? அக்கம்பக்க ஒற்றுமை?

அழகான சொற்கள், தங்கை. ஆனால் நெருக்கம் மட்டும் போதாது என்பதுதான் இந்தக் கோட்பாட்டின் சாரமே. மேரி பட்டில்லோ என்ற சமூகவியலாளர் சிகாகோவில் கறுப்பின நடுத்தர வர்க்கத்தார் வாழும் பகுதி ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1999இல் நூலாக எழுதினார். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் உறவு, பழக்கம். அதனாலேயே போதைமருந்து விற்கிற பையனும் 'நம்ம பிள்ளை' ஆகிவிடுகிறான். முழுக்க விலக்கவும் முடியவில்லை, காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. நெருக்கம் குற்றத்தைத் தடுக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும்.

இனி மூலத்துக்கு வருகிறேன். ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் மூவரும் 1997இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தச் சொல்லைக் குற்றவியலில் நிலைநிறுத்தியது. சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகள், 8,782 பேர். கேள்விகள் இரண்டு வகை. இங்கே இருப்பவர்களை நம்பலாமா, உதவி என்றால் வருவார்களா என்பது ஒன்று. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால், சுவரில் கிறுக்கினால், பெரியவரிடம் மரியாதையில்லாமல் நடந்தால், வீட்டு வாசலில் அடிதடி நடந்தால், பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு நிதிக்குறைப்பால் ஆபத்து வந்தால், அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து வலுவாக இருந்த பகுதிகளில் வன்முறை குறைவு. வறுமைக்கும் குடிமாற்றத்துக்கும் வன்முறையோடு உள்ள தொடர்பில் பெரும்பங்கு இதன் வழியாகவே நடக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இந்தக் கேள்விகளை ஒருநாள் என் அம்மாவிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா சொன்னது: "அதாவது, அந்தத் தெருவுல கேக்க ஆளிருக்கான்னு கேக்குறாங்க."

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. 'கேட்பாரற்றுக் கிடந்த பை' என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். 'ஏன்னு கேக்க நாதியில்ல' என்கிறோம். கேட்பது என்ற ஒரே வினை தமிழில் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். 'என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டார்' என்றால் நலம் விசாரிப்பு. 'தட்டிக் கேட்டார்' என்றால் தவறைக் கண்டிப்பு. 'மேலிடத்தில் போய்க் கேட்டார்' என்றால் ஊருக்காக முறையிடுவது; தீயணைப்பு நிலையக் கேள்விக்கு இதுதான் விடை. சாம்ப்சன் குழுவினர் இரண்டு அளவுகோல்களைச் சேர்த்துக் கட்டிய பொருளை நம் மொழி ஒரு வினையில் முன்பே வைத்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'கேட்பாருடைமை'. அன்புடைமை, பொறையுடைமை போன்ற, நம் காதுக்குப் பழகிய ஆக்கம். எதிர்ச்சொல் கேட்பாரின்மை. 'கேட்பாருடைமை மிக்க பகுதி', 'கேட்பாருடைமையை அளத்தல்' என்றெல்லாம் வாக்கியத்தில் இடறாமல் வருகிறது. தெருவுக்கு உரிய தன்மையாக நிற்கிறது, ஆள் மேல் ஏறவில்லை. 'கூட்டு' என்ற முன்னொட்டும் தேவைப்படவில்லை. கேட்பார் என்பதே பன்மை.

> 'தட்டிக் கேட்பது' என்று போனால் பூங்காவில் ஜோடிகளை விரட்டுகிற கும்பலும் அதைத்தானே சொல்லும்?

இந்த அச்சம் எனக்கும் உண்டு. ஊர்க்கட்டை மறுத்த நான் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் 'தட்டிக்கேட்பு' என்று சொல்லாக்காமல் 'கேட்பார்' என்று நிறுத்தினேன். கும்பல், தன்னைக் கேட்க ஆளில்லாத இடத்தில்தான் விரட்டும். விரட்டப்படுகிறவருக்காகவும் ஒருவர் வந்து கேட்பார் என்றால்தான் அந்த இடத்தைக் கேட்பாருடையது என்று சொல்ல முடியும். வரையறையில் இதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

ஒரு குறை மிஞ்சுகிறது. 'எஃபிகசி' என்பதில் 'நம்மால் முடியும்' என்ற நம்பிக்கை இருக்கிறது. நான் வாய் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் கூட நிற்பார் என்ற எதிர்பார்ப்பு அது. 'உடைமை' அதைச் சுமக்கவில்லை. இதைவிட நல்ல ஈறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அதுவரை பாடநூலுக்கு இப்படி ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: 'ஒரு பகுதியில் வாழ்வோர் ஒருவரை ஒருவர் நம்புவதும், பொதுநலனுக்குக் கேடு வரும்போது யாரேனும் கேட்பார், அவருக்கு மற்றவர் துணை நிற்பார் என்று எதிர்பார்ப்பதும் சேர்ந்த நிலை கேட்பாருடைமை.'

பேராசிரியர் அம்மா, வரையறையைக் காட்டாமல் சொல்லை மட்டும் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் என்ன பொருள் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா?