பயிற்சி மையத்திலிருந்து வேலைவாய்ப்புக் கொள்கைப் பக்கம் போக வழி இருக்கிறதா?

வணக்கம். படித்தது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணியில் முதுகலை). அரசுத் திட்டத்தில் நடக்கும் ஒரு திறன் பயிற்சி மையத்தில் பிளேஸ்மென்ட் பார்க்கிறேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்துவிட்டால் எங்கள் கணக்கில் ஒருவருக்கு வேலை கிடைத்தாயிற்று. ஹாஸ்டல் சாப்பாடும் நைட் ஷிப்டும் ஒத்துவராமல் நாலாவது மாதம் அந்தப் பெண் ஓசூரிலிருந்து ஊர் திரும்பினால், அதை எழுத எக்செல்லில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அந்தக் கட்டங்களை முடிவு செய்கிறவர்கள் பக்கம் போய் வேலை பார்க்க ஆசை.

தேடியதில் நொய்டாவின் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனம், சென்னை அடையாறில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனமான எம்.ஐ.டி.எஸ். எல்லாம் கண்ணில் பட்டன.

இந்தத் துறையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். பி.எச்டி. இல்லாமல் உள்ளே நுழைய முடியுமா? வேலை, வேலையின்மை பற்றி 2017 முதல் மத்திய அரசு நடத்தும் பி.எல்.எஃப்.எஸ். கணக்கெடுப்பின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கையாள, புள்ளியியல் மென்பொருள்களில் ஸ்டேட்டா கற்பதா, ஆர் கற்பதா? (ஆர் காசு கேட்காது, அதனால் மனசு அந்தப் பக்கம்தான்.) அப்புறம், களத்தில் இருந்த வருடங்களை அனுபவமாக எடுத்துக்கொள்வார்களா? முக்கியமாக இதுதான் தெரிய வேண்டும்.

கோச்சிங் விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.