டேனியல்கள் வரைந்த மதுரைப் புதுமண்டபம்: இந்தப் படத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-93 இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தபோது கண்டு, 1798 இல் அச்சில் வெளியிட்ட, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தின் படத்தை மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத் தலைப்பு அதைத் திருமலை நாயக்கரின் ‘சவுல்ட்ரி’ என்கிறது. அப்படியானால் இது வழிப்போக்கர் தங்கிய சத்திரமா? இருபுறமும் தூண்கள் அணிவகுக்கும் நடுக்கூடமோ எனக்குத் தேவாலயத்தின் உட்புறத்தை நினைவூட்டுகிறது.

மறுமொழி 1:
ஐயா, தலைப்பை ஒதுக்கிவிட்டு வடிவத்திலிருந்து தொடங்குங்கள். ‘சவுல்ட்ரி’ என்பது நம் ‘சாவடி’யோடு உறவுடைய சொல்; சத்திரத்தையும் தூண்கள் தாங்கும் திறந்த மண்டபத்தையும் ஆங்கிலேயர் அந்த ஒரே சொல்லால் குறித்தார்கள். சுமார் 333 அடி நீளமும் 105 அடி அகலமும் கொண்ட இம்மண்டபம், வைகாசி வசந்த உற்சவத்தில் மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் எழுந்தருளுவதற்காகக் கட்டப்பட்டது. வெப்பம் தணிய நீர் நிரப்புவதற்கென்றே சுற்றிலும் அகழி போன்ற கால்வாய் அமைத்தார்கள். நடுவழித் தூண்களில் நாயக்க மன்னர் பதின்மரின் சிலைகள் இருக்கின்றன. திருமலை நாயக்கரைச் சற்று நெருங்கிப் பாருங்கள்: பருத்த வயிறு, அருகில் தேவியர், கூப்பிய கைகள். நாடாண்ட மன்னர் அங்கே கைகூப்பி நிற்பது, தம் முன்னே சுவாமி எழுந்தருளும் வேளைக்காகத்தான். அந்தக் கைகளைப் படத்தில் கண்டுகொண்ட மாணவருக்கு, இது சத்திரமா என்ற ஐயமே எழாது.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தலைப்பை ஒதுக்கிவிட வேண்டாம். வரைந்தவர்களுக்கு அந்த மண்டபம் என்னவாகத் தெரிந்தது என்பதற்கு அதுவே சான்று. தேவாலயம் நினைவுக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. தூண் வரிசைகளெல்லாம் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியுமாறு வரைவது ஐரோப்பிய மரபு. எதிரே உள்ள காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டிக் கருவியின் (camera obscura) துணையோடு வரைந்த டேனியல்களின் அளவுகளை நான் பெரிதும் நம்புவேன். எனினும் அந்தக் கோணம் பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. மண்டபமோ, தூணுக்குத் தூண் நின்று, கல் யானை கரும்பு வாங்குவதையும் இராவணன் கயிலையைப் பெயர்ப்பதையும் கண்டு நடப்பதற்கென்று அமைந்தது.

மறுமொழி 3:
சிறுவயதில் அம்மாவுடன் பாவாடை தைக்கக் கொடுக்கப் புதுமண்டபத்துக்குப் போவேன். தையல் இயந்திரங்களும் துணிக்கட்டுகளும் தூண்களின் இடுப்பளவுக்கு மறைத்திருக்கும். நாயக்கர்களின் தலைகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். இந்தப் படத்தில்தான் அவர்கள் நிற்கும் பீடங்களை முதன்முதலாகக் கண்டேன். மாணவர்களுக்குக் கடைகள் இருந்த காலத்துப் புகைப்படம் ஒன்றையும் அருகில் வைத்துக் காட்டுங்கள்.